சொல்லிலும் எடை குறையக் கூடாது

நம் கடைகளில் தராசுக்கும் எடைக்கற்களுக்கும் தவணை தவறாமல் முத்திரை வாங்கி வைக்கிறோம். எடை குறைந்தால் வாடிக்கையாளர் கேட்பார், அதிகாரி கேட்பார், நம் மனச்சாட்சியும் கேட்கும். ஆனால் கடை லெட்டர் பேடில் நாம் எழுதிக் கொடுக்கும் நான்கு வரி ஆங்கிலத்துக்கு இப்படி ஒரு சோதனை கிடையாது. எழுதுகிறோம், ரப்பர் ஸ்டாம்பு குத்துகிறோம், கையெழுத்துப் போடுகிறோம். அந்தக் காகிதம் யார் மேசைக்குப் போகிறது, அங்கே அது எப்படிப் படிக்கப்படுகிறது என்பது நமக்குத் தெரிவதே இல்லை.

பிறருக்குப் புத்தி சொல்வதற்காக இதை எழுதவில்லை. நாங்கள் செய்த ஒரு பிழையிலிருந்தே தொடங்குகிறோம்.

1994-ஆம் ஆண்டு. எங்கள் மொத்தக் கடையில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்துச் சேர்ந்த ஒரு தம்பி ஆறு ஆண்டுகளாக வேலை பார்த்து வந்தார். குடோன் சாவி அவரிடம்தான் இருக்கும். வந்த மூட்டை, போன மூட்டை இரண்டையும் சிட்டையில் எழுதி, விளக்கு வைக்கும் நேரத்தில் கணக்குப்பிள்ளையிடம் ஒப்படைத்துவிடுவார். ஆறு ஆண்டுகளில் ஒரு மூட்டைகூடக் கணக்கில் தவறியதில்லை. ஒரு நாள் தயங்கித் தயங்கி வந்து, “அண்ணாச்சி, மெட்ராஸ்ல ஒரு கம்பெனில ஸ்டோர் கீப்பர் வேலைக்கு ஆள் எடுக்காங்க. நீங்க ஒரு சர்டிபிகேட் எழுதித் தந்தா போதும்” என்றார்.

நல்ல பையன், முன்னுக்கு வரட்டும் என்று மனதார எழுதிக் கொடுத்தோம். அவருடைய பணி இன்ன தேதியோடு முடிந்தது என்பதை ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும். பஸ் போய் முடியும் இடம் டெர்மினஸ். ஆகவே முடிந்தது என்பதற்கு ‘டெர்மினேட்டட்’ என்று போட்டால் சரியாக இருக்கும் என்பது நாங்கள் போட்ட கணக்கு. ‘ஹிஸ் சர்வீஸ் இஸ் டெர்மினேட்டட்’ என்று எழுதி, தேதி போட்டு, கையெழுத்திட்டுக் கொடுத்துவிட்டோம்.

மூன்று வாரம் கழித்து அந்தத் தம்பி திரும்பி வந்தார். நேர்முகத்தில், உன்னை ஏன் வேலையை விட்டு நீக்கினார்கள் என்பதுதான் முதல் கேள்வியாம். யாரும் நீக்கவில்லையே என்று இவர் சொல்ல, உன் முதலாளியே எழுதியிருக்கிறாரே என்று எங்கள் கடிதத்தையே எடுத்துக் காட்டினார்களாம். வேலை கிடைக்கவில்லை. எங்களிடம் அவர் கோபப்படவில்லை. கல்லாவுக்கு முன்னால் நின்றுகொண்டு, “அண்ணாச்சி, நான் ஏதாவது தப்புப் பண்ணிட்டேனா? இருந்தா எங்கிட்டயே சொல்லியிருக்கலாமே” என்று மட்டும் கேட்டார். ஆறு ஆண்டு உழைப்புக்கு நாங்கள் வாயால் ஒன்று சொல்லி, தாளில் வேறொன்று எழுதிவிட்டதாக அவர் நினைத்திருக்கிறார். இத்தனை ஆண்டு வியாபாரத்தில் எத்தனையோ நஷ்டம் பார்த்துவிட்டோம். அந்தக் கேள்வியைப் போல எதுவும் எங்களைக் குனிய வைத்ததில்லை.

எங்கள் கடையில் மாதப் பற்று வைத்திருந்த ஆங்கில ஆசிரியர் ஒருவரிடம் கடிதத்தைக் காட்டினோம். “முடித்தல் என்ற பொருள் அகராதியில் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் ஒருவர் வேலையைப் பற்றி எழுதும்போது இந்தச் சொல்லைப் போட்டால், முதலாளி நிறுத்திவிட்டார் என்றுதான் படிப்பார்கள்” என்றார். அவர் சொல்லச் சொல்ல வேறு கடிதம் எழுதிக் கொடுத்தோம். அதற்குள் அந்த இடம் நிரம்பிவிட்டது. பதினோரு மாதம் கழித்து அந்தப் புதிய கடிதத்தோடு வேறோர் இடத்தில் நல்ல வேலையில் சேர்ந்தார். இடைப்பட்ட மாதங்களின் சம்பள வித்தியாசத்தை அவர் எங்களிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அதை எந்தப் பேரேட்டில் எழுதுவது?

அதன் பிறகு அந்த ஆசிரியரை விடவில்லை. கடை அடைத்த பிறகு வாரம் இரண்டு நாள் வந்து, வேலையைப் பற்றிப் பேசவும் எழுதவும் வேண்டிய ஆங்கிலத்தை எங்கள் பேரேட்டையும் சரக்கையும் வைத்தே விளக்கினார். அவரிடம் கற்றதையும் பின்னாளில் அனுபவத்தில் கண்டதையும் வணிக அன்பர்களோடு பகிர்ந்துகொள்கிறோம்.

நிறுத்து விற்பது, எண்ணி விற்பது

‘வொர்க்’, ‘ஜாப்’ இரண்டுக்கும் தமிழில் வேலை என்றே சொல்கிறோம். ஆங்கிலத்தில் இரண்டும் ஒன்றல்ல. நம் கடையில் சர்க்கரையை நிறுத்து விற்கிறோம், தேங்காயை எண்ணி விற்கிறோம். இரண்டு தேங்காய் கொடுங்கள் என்று கேட்கலாம். இரண்டு சர்க்கரை கொடுங்கள் என்று யாரும் கேட்பதில்லை. ‘வொர்க்’ சர்க்கரையைப் போன்றது, எண்ண முடியாது. ‘ஜாப்’ தேங்காயைப் போன்றது. ஒன்று, இரண்டு என்று எண்ணலாம். ஆகவே ‘ஐ ஹேவ் எ வொர்க்’ என்பது பிழை. சம்பளத்துக்கு ஓர் உத்தியோகம் இருக்கிறது என்றால் ‘ஐ ஹேவ் எ ஜாப்’. கொஞ்சம் வேலை கிடக்கிறது என்றால் ‘ஐ ஹேவ் சம் வொர்க்’.

அப்படியானால் ‘வொர்க்ஸ்’ என்று எழுதுகிறார்களே என்று கேட்கலாம். அது வேறு சரக்கு. கட்டுமானப் பணிகளையும், சில தொழிற்சாலைகளையும், ஓர் எழுத்தாளரின் படைப்புகளையும் அப்படிச் சொல்வார்கள். பொதுப்பணித் துறையை ‘பப்ளிக் வொர்க்ஸ்’ என்பது அந்த வகையில்தான்.

நம் பில்களிலும் கடிதங்களிலும் இதே பிழை வேறு வடிவில் வரும். மூட்டை இறக்க வந்த நான்கு பேரை ‘ஃபோர் லேபர்ஸ்’ என்று எழுதுகிறோம். ‘லேபர்’ என்பது உழைப்பு. உழைப்பவர் ‘லேபரர்’ அல்லது ‘வொர்க்கர்’. ஆகவே ‘ஃபோர் வொர்க்கர்ஸ்’ என்பதே சரி. இறக்குகூலியை ‘லேபர் சார்ஜஸ்’ என்று எழுதுவதில் தவறில்லை. அதேபோல ‘ஸ்டாஃப்’ என்பது கடை ஆட்கள் எல்லோரையும் சேர்த்துச் சொல்வது. ஒரே கடையின் ஆட்கள் பத்துப் பேரானாலும் ‘ஸ்டாஃப்’ தான்; ‘ஸ்டாஃப்ஸ்’ கிடையாது. ஒருவரை மட்டும் சொல்ல வேண்டுமானால் ‘எ மெம்பர் ஆஃப் அவர் ஸ்டாஃப்’ என்க.

முன்னால் வரும் சிறு சொற்கள்

தமிழில் வேற்றுமை உருபு சொல்லுக்குப் பின்னால் ஒட்டிக்கொள்ளும். கடையில், விற்பனையாளராக, அண்ணாச்சியிடம் என்று சொல்கிறோம். ஆங்கிலத்தில் அந்த வேலையைச் செய்யும் சிறு சொல் முன்னால் வந்து நிற்கும். எந்தச் சிறு சொல் வருகிறது என்பதைப் பொறுத்து அர்த்தம் மாறும்.

என்ன வேலையாக என்றால் ‘வொர்க் ஆஸ்’. யாருக்காக, எந்த முதலாளிக்காக என்றால் ‘வொர்க் ஃபார்’. எந்த இடத்தில் என்றால் ‘வொர்க் இன்’ அல்லது ‘வொர்க் அட்’. யாரோடு சேர்ந்து என்றால் ‘வொர்க் வித்’. கமிஷனுக்கு விற்றுக் கொடுப்பவர் ‘வொர்க்ஸ் ஆன் கமிஷன்’. ஒரு மளிகைக் கடையில் விற்பனையாளராக வேலை பார்க்கிறேன் என்பது ‘ஐ வொர்க் ஆஸ் எ சேல்ஸ்மேன் இன் எ குரோசரி ஷாப்’ என்று வரும்.

இதில் ‘எ’ என்ற ஓரெழுத்தை நாம் அடிக்கடி விட்டுவிடுகிறோம். தமிழில் ‘நான் வியாபாரி’ என்றால் போதும். ஆங்கிலத்தில் ‘ஐ ஆம் மெர்ச்சன்ட்’ என்றால் ஊனமாக நிற்கும். ‘ஐ ஆம் எ மெர்ச்சன்ட்’ என்க. எனக்கு ஒரு கடை இருக்கிறது என்பதற்கு ‘ஐ ஆம் ஹேவிங் எ ஷாப்’ என்பதும் நம் பக்கத்துப் பழக்கம். உடைமையைச் சொல்லும்போது அந்த ‘இங்’ வராது. ‘ஐ ஹேவ் எ ஷாப்’ என்றாலே போதும். கடையை நடத்துகிறேன் என்பதற்கு ‘ஐ ரன் எ ஷாப்’ என்பார்கள். கடையை ஓட்டுகிறேன் என்று நாமும் சொல்கிறோம் அல்லவா?

தேதிப் பத்தியும் தொகைப் பத்தியும்

சான்றிதழில் மிகுதியாகப் பிழை வரும் இடம் இதுதான். ‘ஹி இஸ் வொர்க்கிங் ஹியர் சின்ஸ் ஃபைவ் இயர்ஸ்’ என்று எழுதுகிறோம். இதில் பிழைகள் இரண்டு.

முதலாவது ‘சின்ஸ்’. பேரேட்டில் தேதிப் பத்தி ஒன்று, தொகைப் பத்தி ஒன்று. தேதிப் பத்தியில் தொகையை எழுதினால் கணக்கு என்னவாகும்? ‘சின்ஸ்’ தேதிப் பத்தி. எப்போதிலிருந்து என்பதை அதில் எழுத வேண்டும். ‘ஃபார்’ தொகைப் பத்தி. மொத்தம் எவ்வளவு காலம் என்பதை அதில் எழுத வேண்டும். ‘சின்ஸ் 2019’ சரி. ‘ஃபார் ஃபைவ் இயர்ஸ்’ சரி. ‘சின்ஸ் ஃபைவ் இயர்ஸ்’ என்றால் தொகை தேதிப் பத்தியில் ஏறிவிட்டது என்று பொருள்.

இரண்டாவது ‘இஸ் வொர்க்கிங்’. தமிழில் ஐந்து வருஷமாக வேலை பார்க்கிறார் என்று நிகழ்காலத்தில் சொல்லிவிடலாம். ஆங்கிலத்தில், முன்பு தொடங்கி இன்றுவரை தொடர்வதற்குத் தனி அமைப்பு உண்டு. ‘ஹி ஹேஸ் பீன் வொர்க்கிங் ஹியர் ஃபார் ஃபைவ் இயர்ஸ்’ என்க.

நம் கையெழுத்துக்கு இது எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒன்று சொல்கிறோம். ‘ஹி ஹேஸ் வொர்க்ட் ஹியர் ஃபார் சிக்ஸ் இயர்ஸ்’ என்றால் அவர் இன்னும் நம் கடையில் இருக்கிறார். ‘ஹி வொர்க்ட் ஹியர் ஃபார் சிக்ஸ் இயர்ஸ்’ என்றால் போய்விட்டார். வித்தியாசம் ‘ஹேஸ்’ என்ற ஒரே சொல். முதலாவது நடப்புக் கணக்கு, பாக்கி முன்னெடுத்து எழுதப்படுகிறது. இரண்டாவது முடித்துக் கோடு போட்ட கணக்கு. விலகியவருக்கு நடப்புக் கணக்குப் போல எழுதிக் கொடுத்தால், புதிய இடத்தில் உள்ளவர்கள் இவர் பழைய இடத்தை விட்டாரா இல்லையா என்று ஐயப்படுவார்கள். விலகியவருக்கு இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை என்று ‘ஃப்ரம்’, ‘டு’ போட்டு எழுதிவிட்டால் வம்பில்லை.

கொடுப்பவர் யார், பெறுபவர் யார்

‘எம்ப்ளாயர்’, ‘எம்ப்ளாயீ’ இரண்டும் கேட்பதற்கு ஒன்றுபோல இருக்கும். படிவத்தில் ‘நேம் ஆஃப் எம்ப்ளாயர்’ என்ற இடத்தில் கடை ஊழியர் தம் பெயரையே எழுதிவிடுவதுண்டு. நம்மவர்களுக்கு இதை விளக்க எளிய வழி இருக்கிறது. செக்கில் பணம் பெறுபவர் ‘பேயீ’. லாரி ரசீதில் சரக்கை அனுப்புபவர் ‘கன்சைனர்’, பெறுபவர் ‘கன்சைனி’. அதே கணக்குதான். வேலை கொடுப்பவர் ‘எம்ப்ளாயர்’, வேலை பெறுபவர் ‘எம்ப்ளாயீ’. பயிற்சி தருபவர் ‘ட்ரெய்னர்’, பயிற்சி பெறுபவர் ‘ட்ரெய்னி’. ஈகாரம் போல இழுத்து முடிந்தால் பெறுகிற பக்கம் என்று நினைவில் வைத்துக்கொண்டால், லாரி ரசீது படிக்கத் தெரிந்தவருக்கு இதில் தடுமாற்றம் வராது.

தனக்குத் தானே முதலாளியாக இருப்பவர் ‘செல்ஃப் எம்ப்ளாய்ட்’. வேலை இல்லாதவர் ‘அன்எம்ப்ளாய்ட்’. அப்பா கடையில் காலை ஆறு மணியிலிருந்து இரவு பத்து மணி வரை நிற்கும் மகன், தனக்குச் சம்பளம் என்று ஒன்று எழுதப்படாததால், படிவத்தில் ‘அன்எம்ப்ளாய்ட்’ என்று எழுதியதை நாங்களே பார்த்திருக்கிறோம். அது உண்மையும் அல்ல, மரியாதையும் அல்ல. ‘வொர்க்கிங் இன் ஃபேமிலி பிசினஸ்’ என்று எழுதலாம்.

வேலையை விட்டவரைப் பற்றி எழுதும்போது

நாங்கள் அடிபட்ட இடத்துக்கு வருகிறோம். தமிழில் ‘வேலையிலிருந்து நின்னுட்டான்’ என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம். அவரே நின்றாரா, நாம் நிறுத்தினோமா, வயதாகி நின்றாரா என்பது பேச்சின் தொனியில் தெரிந்துவிடும். காகிதத்தில் தொனி கிடையாது. ஆகவே சொல்லைப் பிரித்துப் பார்த்துத்தான் போட வேண்டும்.

தாமே எழுதிக் கொடுத்து விலகினால் ‘ரிசைன்ட்’. விலகினார் என்று மட்டும் சொல்ல ‘லெஃப்ட்’. வயது முதிர்ந்து ஓய்வு பெற்றால் ‘ரிடையர்ட்’. முதலாளி தரப்பில் முடித்துவிட்டால் ‘டெர்மினேட்டட்’. குற்றத்துக்காக நீக்கினால் ‘டிஸ்மிஸ்ட்’. ‘ரிமூவ்ட்’ என்றாலும் கிட்டத்தட்ட அப்படித்தான் படிப்பார்கள். ஆள் அதிகம் என்று குறைத்தால் ‘ரிட்ரென்ச்ட்’. நம் நாட்டு அலுவலகங்களில் பொறுப்பிலிருந்து விடுவிப்பதை ‘ரிலீவ்ட்’ என்கிறார்கள். அதில் களங்கம் இல்லை. ஆனால் வெளிநாட்டில் ஒருவரை அவருடைய கடமைகளிலிருந்து ‘ரிலீவ்’ செய்தார்கள் என்றால், நாசூக்காக நீக்கிவிட்டார்கள் என்று பொருள் கொள்வதுண்டு. வெளிநாடு போகிறவருக்கு எழுதும்போது ‘ரிசைன்ட்’ என்று தெளிவாக எழுதுவதே நல்லது.

மிகவும் எச்சரிக்கையாக இருக்க வேண்டிய சொல் ‘ஆப்ஸ்காண்டட்’. கோயில் கொடைக்கு ஊருக்குப் போன பையன் திரும்பி வரவில்லை என்றால் இந்தச் சொல்லைச் சாதாரணமாகப் போட்டுவிடுகிறோம். இது தலைமறைவானவரைக் குறிக்கும் சொல். ஏதோ எடுத்துக்கொண்டு ஓடிவிட்டார் என்ற வாடை அதில் அடிக்கும். வராமல் நின்றுவிட்டார் என்பதற்கு ‘ஹி ஸ்டாப்ட் கமிங் டு வொர்க்’ என்ற எளிய வாக்கியமே போதும்.

பேச்சு வழக்கில் ‘காட் த சாக்’ என்றால் சாக்கு கிடைத்தது என்று நம் கோணிக் கடைக்காரர்கள் நினைத்துவிடக் கூடாது. வேலை போய்விட்டது என்று அர்த்தம். ‘ஃபயர்ட்’ என்பதும் அதுவே.

இதில் நம் பக்கத்துக்கும் ஆபத்து உண்டு. 1947-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தின் 41-ஆம் பிரிவின்படி, ஆறு மாதத்துக்குக் குறையாமல் தொடர்ந்து வேலை பார்த்தவரைத் தகுந்த காரணம் இல்லாமல் நிறுத்த முடியாது. காரணம் இருந்தாலும் ஒரு மாத முன்னறிவிப்போ, அதற்கு ஈடான சம்பளமோ கொடுக்க வேண்டும். ஒழுங்கீனம் என்று நீக்குவதானால் விசாரணை நடத்திச் சாட்சியம் பதிவு செய்திருக்க வேண்டும். நீக்கப்பட்டவர் மேல்முறையீடு செய்யவும் வழி உண்டு. தாமாக விலகியவருக்கு ‘டெர்மினேட்டட்’ என்று எழுதிக் கொடுத்தால், அவரை நாம்தான் நிறுத்தினோம் என்று நம் கையாலேயே ஓர் ஆவணம் எழுதிக் கொடுத்ததாகிவிடும். 1994-ல் அந்தத் தம்பி அந்தக் காகிதத்தை எங்கள் மேல் திருப்பியிருக்கலாம். அவர் அப்படிச் செய்யவில்லை என்பது அவருடைய குணம்.

நாம் யார் என்று சொல்வது

‘வாட் டு யூ டூ?’ என்று ஒருவர் கேட்டால், இந்த நிமிடம் என்ன செய்துகொண்டிருக்கிறீர்கள் என்று கேட்கவில்லை. உங்கள் தொழில் என்ன என்று கேட்கிறார். இந்த நிமிடத்தைக் கேட்பதற்கு ‘வாட் ஆர் யூ டூயிங்?’ என்பார்கள். உங்கள் மகன் என்ன செய்கிறார் என்று ஒரு கம்பெனிப் பிரதிநிதி ஆங்கிலத்தில் கேட்க, நம் நண்பர் ஒருவர் ‘ஸ்லீப்பிங்’ என்று பதில் சொன்ன கதை எங்கள் பஜாரில் பிரசித்தம்.

தனி ஆளாகக் கடை வைத்திருப்பவர் ‘புரொப்ரைட்டர்’. பத்திரம் எழுதிக் கூட்டாக நடத்துபவர் ‘பார்ட்னர்’. கம்பெனியாகப் பதிவு செய்திருந்தால் அதன் நிர்வாகக் குழுவில் இருப்பவர் ‘டைரக்டர்’. இவை பெருமைக்குப் போட்டுக்கொள்ளும் பட்டங்கள் அல்ல. கடனுக்கும் வரிக்கும் யார் எவ்வளவு பொறுப்பு என்பதைக் காட்டும் சொற்கள். தனி ஆளாகக் கடை நடத்திக்கொண்டு, விசிட்டிங் கார்டில் தம்பி பெயரையும் ‘பார்ட்னர்’ என்று போட்டு வைத்தால், நாளைக்குக் கொடுக்கல் வாங்கலில் தகராறு என்று வரும்போது அந்தச் சொல் சாட்சி சொல்ல வந்துவிடும். உணவுப் பாதுகாப்புச் சட்டம், 2006 நம்மை ‘ஃபுட் பிசினஸ் ஆபரேட்டர்’ என்கிறது. ஆபரேட்டர் என்றதும் இயந்திரம் இயக்குபவர் என்று நினைத்து, அது நமக்கில்லை, மில்காரருக்கு என்று விட்டுவிட்டவர்களும் இருக்கிறார்கள். உணவுப் பொருள் வியாபாரத்தை நடத்துபவர் என்பதே பொருள். அரிசி, பருப்பு விற்கும் சிறு கடைக்காரரும் அதில் அடக்கம்.

இன்னொன்றையும் சொல்லாமல் விடக் கூடாது. நம் வீட்டுப் பெண்கள் பலர் கல்லாவில் உட்கார்ந்து கடையைக் காப்பாற்றுகிறவர்கள். நாம் கொள்முதலுக்குப் போன நாளெல்லாம் கடை அவர்கள் கையில்தான். ஆனால் படிவத்தில் ‘ஆக்குபேஷன்’ என்ற இடம் வந்ததும், யோசிக்காமல் ‘ஹவுஸ் வைஃப்’ என்று எழுதிவிடுகிறோம். ‘டஸ் யுவர் வைஃப் வொர்க்?’ என்று கேட்டால் ‘நோ’ என்கிறோம். சம்பளம் வாங்கினால்தான் ‘வொர்க்’ என்று நாம் நினைப்பதால் வரும் பிழை இது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வேலை என்பதற்குக் கொடுத்த விளக்கத்திலேயே, குடும்பத் தொழிலில் சம்பளம் இல்லாமல் செய்யும் வேலையும் வேலைதான் என்று சேர்த்திருந்தார்கள். சர்க்கார் கணக்கில் வேலை என்று ஏறுவதை, அதே கடையில் உட்கார்ந்திருக்கும் நாம் இல்லை என்று சொல்லலாமா? அடுத்து ஒரு படிவம் வரும்போது ‘ரன்ஸ் த ஷாப் வித் ஹர் ஹஸ்பண்ட்’ என்று எழுதிப் பாருங்கள். கடைப் பெயரில் அவருக்கும் பங்கு எழுத வேண்டுமா என்ற யோசனை அதிலிருந்தே தொடங்கும்.

ஆட்களைக் குறிக்கும் சொல்லிலும் கவனம் வேண்டும். நாற்பத்தைந்து வயதுக்காரரை ‘மை ஷாப் பாய்’ என்று அறிமுகப்படுத்துகிறோம். ‘சர்வன்ட்’ என்று எழுதியவர்களும் உண்டு. ‘ஷாப் அசிஸ்டன்ட்’, ‘சேல்ஸ்மேன்’, ‘ஸ்டோர் கீப்பர்’ என்று அவரவர் செய்யும் வேலைக்குத் தகுந்த பெயர் இருக்கிறது. குடோன் சாவியை ஒப்படைக்கத் தகுந்தவர் நல்ல பெயருக்கும் தகுந்தவர்தான்.

ஒரு மாதிரிச் சான்றிதழ்

இன்று கைப்பேசியே மொழிபெயர்த்துத் தந்துவிடுகிறது என்று நம் பிள்ளைகள் சொல்கிறார்கள். தரட்டும், நல்லதுதான். ஆனால் கீழே கையெழுத்துப் போடுவது கைப்பேசி அல்ல. ஒவ்வொரு வரிக்கும் பொருள் கேட்டுத் தெரிந்துகொண்டு கையெழுத்திட வேண்டும். எங்கள் கடையில் இத்தனை ஆண்டுகளாக நாங்கள் கொடுத்துவரும் சான்றிதழ் இதுதான். வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளலாம். பெயரும் தேதியும் மட்டும் மாறும்.

‘திஸ் இஸ் டு சர்டிஃபை தட் மிஸ்டர் இன்னார் வொர்க்ட் இன் அவர் ஷாப் ஆஸ் எ ஸ்டோர் கீப்பர் ஃப்ரம் 1 ஜூன் 2018 டு 31 மார்ச் 2025. ஹி ரிசைன்ட் ஆஃப் ஹிஸ் ஓன் அக்கார்ட். ஹிஸ் வொர்க் அண்ட் கான்டக்ட் வேர் குட். ஹி ஹேண்டில்ட் அவர் ஸ்டாக் அண்ட் அக்கவுன்ட்ஸ் ஹானஸ்ட்லி. வி விஷ் ஹிம் வெல்.’

இன்னார் எங்கள் கடையில் இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை சரக்கறைப் பொறுப்பாளராக வேலை பார்த்தார், தாமாகவே விலகினார், அவருடைய வேலையும் நடத்தையும் நன்றாக இருந்தன, எங்கள் சரக்கையும் கணக்கையும் நாணயமாகக் கையாண்டார், அவர் நன்றாக இருக்க வாழ்த்துகிறோம் என்பது இதன் பொருள். ஐந்தே வாக்கியம். ஒன்றில்கூடக் கடினச் சொல் இல்லை. நாணயத்தைப் பற்றிய வாக்கியத்தை உண்மையிலேயே அப்படி நடந்துகொண்டவருக்கு மட்டும் எழுதுங்கள். எல்லோருக்கும் எழுதினால் யாருக்கும் மதிப்பிருக்காது. எழுதிய ஒவ்வொன்றுக்கும் ஒரு நகல் எடுத்துக் கோப்பில் வைப்பதும் நல்லது.

‘சாலரி’ என்ற ஆங்கிலச் சொல்லின் வேர், லத்தீன் மொழியில் உப்பைக் குறிக்கும் சொல்லில் இருக்கிறது என்று அந்த ஆசிரியர் ஒருமுறை சொன்னார். நம் தமிழில் சம்பளம் என்ற சொல்லையும், சம்பு என்ற நெல்லும் அளம் என்ற உப்பும் சேர்ந்தது என்று விளக்குவோர் உண்டு. உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று நம் ஆட்களுக்குச் சொல்லியே பழகிவிட்டோம். அவர்கள் சுமந்த மூட்டையில், அவர்கள் நிறுத்துப் போட்ட சரக்கில், நாமும் உப்புத் தின்றவர்கள்தான். அவர்கள் நம்மைவிட்டுப் போகும்போது கடைசியாகக் கேட்பது ஒரே ஒரு காகிதம். அதில் எடை குறையாமல் எழுதிக் கொடுப்போம்.